கிண்ணம் கழுவு படலம்

நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும்தான். அதைப் படைத்தவர் சென்னையை மனத்தில் வைத்துப் படைக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. அது காயும்போது சூடு இறங்குகிறது. இறங்காவிட்டால் மின்விசிறியைக் கூட்டுகிறோம், அரசாங்கத்தைத் திட்டுகிறோம். நாய்க்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. உடம்பு முழுக்க மயிரை வைத்துக்கொண்டு, நான்கு பாதங்களில் கசியும் கொஞ்சூண்டு வியர்வையை நம்பி, தார் ரோட்டில் நடக்க வேண்டும்.

அதனால் அது நாக்கை வெளியே போடுகிறது. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 தடவை மூச்சு விடுகிற பிராணி, கத்திரி வெயிலில் 200-ஐத் தாண்டி இரைக்கிறது. இரைக்க இரைக்க நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் இருக்கிற ஈரம் ஆவியாகிறது, அதோடு சூடும் வெளியேறுகிறது. ஈரம் தீர்ந்தால் ஏற்பாடு முடிந்தது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு இருந்தால் ஆபீசுக்கு லீவு சொல்லியிருப்போம். அது 41-ஐத் தொட்டால் நாயின் உயிருக்கே ஆபத்து. சென்னையோ 2003 மே 31 அன்று 45 டிகிரி வரைக்கும் போய்க் காட்டிய ஊர்.

ஆக, வெளியில் திரிகிற நாய்க்குத் தண்ணீர் வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது என்றுதான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு கூடும்வரை எண்ணியிருந்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் பரட்டை. தெருவில் பிறந்து, ஒரு மழை நாளில் எங்கள் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் ஒதுங்கி, அப்படியே ரேஷன் கார்டில் சேராத குறையாகத் தங்கிவிட்டவன். எடை 18 கிலோ. கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் என்பது மருத்துவர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. அப்படிப் பார்த்தால் பரட்டைக்கு ஒரு லிட்டர். கோடையில் அதற்கும் மேல். இந்த ஒரு லிட்டரை ஆர்ஓ இயந்திரத்தில் வடிகட்டி, கழுவித் துடைத்த எவர்சில்வர் கிண்ணத்தில், மின்விசிறிக்கு அடியில் வைக்கிறோம். அவன் வந்து முகர்ந்து பார்ப்பான். எங்களை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு வாக்கிங் போகும்போது, கார் கழுவி ஓடிய சோப்புத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் வாயை வைத்து, கண்ணை மூடி, ரசித்துக் குடிப்பான்.

குடிக்கிற விதமும் விசித்திரம். நமக்குக் கன்னம் இருக்கிறது, உதட்டைக் குவித்து உறிஞ்சலாம். நாயின் வாய் இரு பக்கமும் நெடுகத் திறந்து கிடக்கிறது. உறிஞ்சினால் காற்றுதான் வரும். எனவே அது நாக்கைத் தாடைப் பக்கமாக, ஒரு கரண்டியாக மடித்துத் தண்ணீரில் அடிக்கிறது. அந்தக் கரண்டியில் மொண்டு குடிக்கிறது என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். 2011-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தபோது, கரண்டியில் வந்த தண்ணீரில் பெரும்பகுதி கீழேதான் கொட்டுகிறது என்று தெரிந்தது. 2015-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் மீதிக் கதையைச் சொன்னார்கள்: நாக்கை வெடுக்கென்று மேலே இழுக்கிற வேகத்தில் தண்ணீரும் கூடவே ஒரு தூணாக எழும்புகிறது, தூண் சரிவதற்குள் நாய் வாயை மூடிவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், நாய் தண்ணீரைக் குடிப்பதில்லை, கடிக்கிறது. கடித்தது போக மிச்சம் ஹாலில்.

இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்கு எதுக்குங்க எக்ஸ்ரே? நம்ம வீட்டு மாப்பைக் கேட்டிருந்தா அதுவே சொல்லியிருக்குமே" என்றாள்.

ஆனால் இந்த ஆராய்ச்சியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாயின் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு வேண்டியது அகலமான வாய், ஓரளவு ஆழம், அசையாத அடிப்பாகம். மேலே பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைக் கடிப்பது சில நாய்களுக்கு விளையாட்டு. பல நாய்களுக்குத் திகில். இந்தப் பாடத்தை எங்கள் சங்கம் காசு கொடுத்துப் படித்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

எங்கள் தெரு நாய்களுக்கு அவரவர் வழக்கப்படி தண்ணீர்த் துறைகள் உண்டு. தெருமுனையில் லாரித் தண்ணீர் நிரப்புகிற கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டி. அதன் குழாய் என்றைக்குச் சரியாக மூடியது? சொட்டுகிற இடத்தில் ஒரு குழி. அது செவலையின் பரம்பரைச் சொத்து. வேறு நாய் வந்தால் பத்திரம் காட்டுகிற தோரணையில் பல்லைக் காட்டும். ஏடிஎம் அறையின் ஏசி சொட்டுகிற மூலை கருப்பிக்கு. அறைக்குள் பணம் இருக்கிறதோ இல்லையோ, வெளியே தண்ணீர் நிற்காமல் வரும். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பக்கெட், மாஸ்டர் அசந்த நேரத்தில் பொதுச் சொத்து. புதிதாகக் கட்டடம் எழும்பும் மனையில் தளத்துக்குப் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீரும் உண்டு. சிமெண்ட் கரைந்த அந்தத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்று நாய்க்கு யார் சொல்வது?

பெசன்ட் நகர் கடற்கரையில் இன்னும் மோசம். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது. ஓடியாடிக் களைத்த வீட்டு நாய்கள் ஆசைப்பட்டுக் கடல் நீரை நக்கிவிடும். உப்பு உள்ளே போனதும் வாந்தி, பேதி. குடித்ததைவிட அதிகமாக வெளியே போய்விடும். கடற்கரைக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்கள் நாய்க்குக் கண்ணாடி, தொப்பி எல்லாம் போட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரு மடக்குக் கிண்ணத்தையும் மட்டும் மறந்துவிடுகிறார்கள். மறக்காமல் கொண்டு வருகிற சிலரும், சுண்டல் சாப்பிட்ட கையைக் கழுவ அந்தத் தண்ணீரைத் தீர்த்துவிடுகிறார்கள்.

குழியில், பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்கு வேறொரு சிக்கல். அதில் எலி சிறுநீர் கழித்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாகவும் நாய்க்கு வருகிறது. நாயிடமிருந்து நமக்கும் வரலாம். பரட்டைக்கு வருடாவருடம் அதற்கும் சேர்த்துத் தடுப்பூசி போடுகிறோம். செவலைக்கு யார் போடுவது? ஆகவே வாசலில் நல்ல தண்ணீர் வைத்தால் நாய்க்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று இரண்டாவது மாடி ஆசிரியை சங்கத்தில் ஒரு கோரிக்கை வைத்தார். பொதுக்குழு கூடியது.

பொதுக்குழு என்றால் காரை வெளியே எடுத்துவிட்டுப் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்வது. முதலில் எழுந்தவர் கீழ்வீட்டுப் பெரியவர். மத்திய அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். நாய் என்றால் அவருக்கு ஆகாது. நாய் போட்ட காலண்டரைக்கூட வீட்டில் மாட்டமாட்டார்.

"2019-ல ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி கொண்டுவந்து குடிச்ச ஊர் சார் இது. ஜூலை 12, முதல் ரயில், இருபத்தஞ்சு லட்சம் லிட்டர். நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். மனுஷனுக்கே ரயில்ல வருது, நாய்க்கு எதுல வரும்?"

அடுத்து எழுந்தவர் வழக்கறிஞர். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை எடுத்தார். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனி மசோதா கொண்டுவந்து போராடியதன் பலனாகப் பிறந்த சட்டம் அது. அவர் வாழ்ந்ததும் இதே சென்னையில்தான் என்று நினைவுபடுத்தினார். வளர்க்கிற பிராணிக்குப் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருப்பது அந்தச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல்.

பொருளாளர் அம்மா வங்கியில் இருந்தவர். கணக்குப் போட அவருக்கு நேரமாகாது. "கிண்ணம் வாங்கறதைவிட அபராதம் கட்டறது சீப்பா இருக்கே?" என்றார். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது.

வழக்கறிஞர் விடவில்லை. சட்டத்தின் அந்தப் பிரிவு வளர்ப்பவருக்குத்தான். தெரு நாய்க்கு உரிமையாளர் யாரும் இல்லை என்பதால் அபராதம்கூடக் கிடையாது என்றார். நிம்மதி இரட்டிப்பானது. ஆனால் 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளாகத்திலும் அந்தப் பகுதியிலும் வாழும் சமூக விலங்குகளுக்கு உணவளிக்க இடம் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றதும் எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் செல்போனைப் பார்த்தார்.

மூன்றாவது மாடியில் ஒருவர், "தண்ணி கிடைக்காமத்தான் சார் நாய்க்கு வெறி பிடிக்குது, அதனால வைக்கறது நல்லதுதான்" என்று ஆதரவாகப் பேசினார். ஆதரவு நியாயம், காரணம் தப்பு. வெறிநோய் வைரஸால் வருவது. கடித்தால் பரவும், தடுப்பூசி போட்டால் தடுக்கலாம்; வெயிலும் தாகமும் அதை உண்டாக்குவதில்லை. நோய் முற்றினால் தொண்டைத் தசை இழுத்துக்கொண்டு விழுங்க முடியாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு எந்தக் காலத்திலோ யாரோ காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நான் விளக்கலாம் என்று எழுந்தேன். ஆனால் அவர் ஓட்டு நமக்கு வேண்டும் என்று ஆசிரியை என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தீர்மானம் நிறைவேறியது. எதில் தண்ணீர் வைப்பது என்பதுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்து என் அத்தை மகன் டொராண்டோவிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் ஸ்கார்பரோவில் இருக்கிறான். நகரத்துக்குள் பெர்சி பூங்கா என்று ஓர் இடம்; 2017-இல் அங்கே நாய்களுக்காகவே ஒரு நீரூற்றுக் கட்டினார்கள். உச்சியில் தங்க நிறத்தில் ஓர் எலும்பு. சுற்றிலும் விதவிதமான 27 நாய்ச் சிலைகள், எல்லாம் அந்த எலும்பையே பார்க்கின்றன, பல நாய்கள் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சுகின்றன. ஒரே ஒரு பூனைச் சிலையும் உண்டு. அது எலும்பைப் பார்க்கவில்லை, விளக்குக் கம்பத்தில் இருக்கும் குருவிச் சிலைகளைப் பார்க்கிறது. நிஜ நாய்கள் வந்து குடிக்கத் தரை மட்டத்தில் தொட்டி. "எங்கட ஊர்ல நாய்க்குச் செய்திருக்கிற வேலையைப் பாரடா" என்று கீழே ஒரு வரி. அவன் மணமுடித்தது யாழ்ப்பாணத்துப் பெண்ணை; பேச்சும் கூடவே போய்விட்டது.

அந்தப் படத்தை நான் சங்கக் குழுவில் போட்டேன். செயலாளர் ஐடி கம்பெனி இளைஞர். உலகத் தரம் என்ற சொல்லைக் கேட்டால் தூங்கமாட்டார். அன்றிரவே நாய் நீரூற்றுகளின் உலக வரலாற்றைத் தோண்டி எடுத்துவிட்டார்.

லண்டனில் 1859-இல் மக்களுக்கு இலவசக் குடிநீர்க் குழாய் வைக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். காலரா கொன்று குவித்த காலம். நல்ல தண்ணீர் என்பது உயிர்ப் பிரச்சினை. 1867-இல் அதே சங்கம் தன் பெயரிலேயே கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. குதிரைக்கும் மாட்டுக்கும் நீளமான கருங்கல் தொட்டி, அதற்குக் கீழே நாய்க்குச் சின்னதாக ஒன்று என்று பல இடங்களில் அமைத்தார்கள். மனிதர்கள் குடிக்கிற குவளையைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள் என்று படித்ததும் எனக்கு லண்டன் மேல் ஒரு பாசம் வந்தது. நம்ம ஆட்கள்தான்.

எடின்பரோவில் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாயின் சிலை உலகப் புகழ் பெற்றது. எஜமானரின் கல்லறையை விட்டு அகலாமல் வருடக்கணக்கில் காத்துக் கிடந்த நாய் என்பது அதன் கதை. 1873-இல் ஒரு சீமாட்டி அதற்குச் சிலை எழுப்பினார். அது வெறும் சிலை இல்லை, குடிநீர் ஊற்று: மேலே மனிதர்களுக்கு ஒரு குழாய், கீழே நாய்களுக்கு ஒரு தொட்டி. இப்போது இரண்டிலும் தண்ணீர் வருவதில்லை. சுற்றுலாப் பயணிகள் வந்து, ராசி என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, பாபியின் மூக்கைத் தேய்த்துவிட்டுப் போகிறார்கள்; தேய்த்துத் தேய்த்து மூக்கின் கறுப்பு போய்ப் பித்தளைப் பளபளப்பு வந்துவிட்டது. தாகத்துக்கு வைத்தது தரிசனத்துக்கு ஆனது. சிலை நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது. நிற்பதில் எத்தனை வகை!

நம் பக்கம் மட்டும் என்ன குறைச்சல்? திங்களூர் அப்பூதியடிகள், தாம் நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்கிறது பெரியபுராணம். தம் பெயரைப் போடாமல் தண்ணீர்ப் பந்தல் வைத்த கடைசி மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். இன்றைய பந்தல்களில் வைத்தவர் படம் பெரிது, அவருடைய தலைவர் படம் அதைவிடப் பெரிது. மோர்ப் பானையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில் வழிப்போக்கருக்கு மடம், சுமைக்காரருக்குச் சுமைதாங்கிக் கல், மாட்டுக்குக் குடிக்கக் கேணி, உடம்பை உரசிக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று வைத்தார்கள். மாட்டுக்குச் சொறிந்துகொள்ளவே ஒரு கல் நட்ட சமூகம் நம்முடையது. நாய்க்கு என்று தனியாக எதுவும் வைக்கவில்லை. நாயும் வருத்தப்படவில்லை, மாட்டின் தொட்டியிலேயே குடித்துக்கொண்டது.

இந்த வரலாற்றை எல்லாம் உள்வாங்கிய செயலாளர், ஆன்லைனில் ஒரு கருவி வரவழைத்தார். நாய் காலால் ஒரு பலகையை மிதித்தால் தண்ணீர் மேலே பீய்ச்சும். காலை எடுத்தால் நின்றுவிடும். சொட்டுத் தண்ணீர் வீணாகாது, தேங்காது, கொசு வராது. பெட்டியின் மேல் ஒரு கோல்டன் ரெட்ரீவர் சிரித்துக்கொண்டே மிதித்தது. தோட்டக் குழாயை இணைத்து வாசலில் வைத்தார்கள். செவலையை பிஸ்கட் காட்டி அழைத்து வந்தார்கள். செவலை பிஸ்கட்டைத் தின்றுகொண்டே பலகையில் கால் வைத்தது. மாடித் தொட்டியின் அழுத்தம் முழுவதும் அதன் மூக்குக்குள் போனது. பிறகு பல நாள் செவலை எங்கள் கட்டடத்தைக் கடக்கும்போது எதிர்ச்சாரிக்குப் போய்விடும்.

கருப்பி கெட்டிக்காரி. பலகையை மிதிக்கவே இல்லை. யாராவது மிதிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தது. அதன் நம்பிக்கை வீண் போகவில்லை. கட்டடத்துப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தார்கள். அந்தக் கருவியை அவர்கள் மிதித்த மிதியில் மாடித் தொட்டி ஒரு மாலையில் காலியாகி, ஐந்தாவது மாடியில் தலைக்குச் சோப்புப் போட்டவர் அப்படியே நின்றார். அந்த மாத மோட்டார் மின் கணக்கைப் பார்த்துப் பொருளாளர் அம்மா கருவியைக் கழற்றித் தம் வீட்டுப் பரணில் வைத்துப் பூட்டினார்.

அடுத்தது எவர்சில்வர் கிண்ணம். வெயிலில் வைத்தால் பகல் பன்னிரண்டுக்கு அதில் முட்டை வேகவைக்கலாம் என்று ஆசிரியை எச்சரித்தார். எச்சரிக்கை பலிக்க நேரமில்லை. முதல் இரவே திருடு போனது. லண்டன் முன்னுதாரணப்படி அடுத்த கிண்ணத்தைச் சங்கிலியில் கட்டினோம். சங்கிலிக்குத் தனி விலை கிடைக்கும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை, திருடர் யோசித்திருந்தார்.

பிளாஸ்டிக் பேசின் வைத்தோம். நாய் கடித்து இழுத்து விளையாடிக் கீறல் விழுந்தது. கீறலுக்குள் வழுவழுவென்று பாசி பிடித்தது. கீறலுக்குள் போனதைத் தேய்த்து எடுக்கவும் முடியாது.

மண்சட்டி வைத்தோம். இதுவரை வைத்ததில் நாய்களுக்கு மிகப் பிடித்தது இதுதான். மண்ணில் கசிகிற ஈரம் ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர வைக்கிறது. நாய் நாக்கால் செய்வதைச் சட்டி உடம்பால் செய்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பந்து அதைச் சந்தித்தது.

கடைசியில், தள்ளுவண்டியில் பூந்தொட்டி விற்கிறவரிடம் சிமெண்ட் தொட்டி ஒன்று வாங்கினோம். அகலமான வாய், தாழ்ந்த விளிம்பு, ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். திருடனுக்கு லாபமில்லை, பந்துக்கு உடையாது, நாய்க்குக் கவிழ்க்க முடியாது. புதுச் சிமெண்டின் காரம் போகச் சில நாள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்டிவிட்டு, வேப்ப மர நிழலில் வைத்தோம். செவலை எதிர்ச்சாரியிலிருந்து திரும்பி வந்தது. கருப்பி வந்தது. பெயர் தெரியாத பூனை வந்தது. காகங்கள் வந்து குடித்ததோடு நில்லாமல் இறங்கிக் குளித்தன. எங்கிருந்தோ எடுத்து வந்த காய்ந்த சப்பாத்தியை ஊற வைத்துத் தின்றன. பரட்டையும் தன் ஆர்ஓ தண்ணீரைத் துறந்து, அந்தச் சப்பாத்தி ஊறிய தீர்த்தத்தையே வாக்கிங்கின் நோக்கமாக ஏற்றுக்கொண்டான்.

எல்லாம் சரி. அப்போதுதான் வாட்ச்மேன் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "சார், இத யாரு தினமும் கழுவறது?"

டொராண்டோவிலும் லண்டனிலும் எடின்பரோவிலும் எந்தக் கல்வெட்டிலும் எழுதாத கேள்வி அது. தொட்டி கட்டியவர் பெயர் உண்டு, திறந்து வைத்தவர் பெயர் உண்டு. கழுவியவர் பெயரை எங்கே பார்த்திருக்கிறோம்? சங்கக் குழுவில் தொட்டிப் படத்துக்குக் கட்டைவிரலும் கும்பிட்ட கையும் இதயமும் குவிந்திருந்தன. வாட்ச்மேன் அண்ணனின் கேள்வியைச் செயலாளர் அதே குழுவில் போட்டார். இரட்டை நீல டிக் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

முறை வைத்து அட்டவணை போட்டோம். திங்கள் முதல் மாடி, செவ்வாய் இரண்டாம் மாடி என்று நோட்டீஸ் ஒட்டினோம். திங்களன்று முதல் மாடிக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். செவ்வாயன்று இரண்டாம் மாடியில் ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு. புதன் எங்கள் முறை. நான் கழுவினேன் என்பதைப் படம் எடுத்துப் போட்டேன், அதற்கும் இதயம் வந்தது. வியாழன் அன்று விரதம் என்றார்கள். விரதத்துக்கும் கிண்ணம் கழுவுவதற்கும் என்ன பகை என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. தொட்டியில் தண்ணீர் பச்சையானது. உள்ளே சின்னச் சின்னதாக ஏதோ நெளிந்தது.

நெளிந்ததை முதலில் கண்டவர் கொசு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாக டார்ச் அடித்துப் பார்த்து வருகிற அந்தப் பெண், தொட்டியைச் சுற்றி நின்ற எங்களுக்கு ஐந்து நிமிடப் பாடம் நடத்தினார். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பகலில்தான் கடிக்கும். "தண்ணிய மட்டும் மாத்துனா பத்தாதும்மா. முட்டை ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்குல சாவாது, மறுபடி தண்ணி பட்டா பொரிக்கும். நாரு போட்டு ஓரத்த நல்லாத் தேய்க்கணும்." பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, தொட்டிக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற ஜன்னலைக் காட்டினார். "மொதல்ல அந்த வூட்டுக்காரங்களத்தான் கடிக்கும்."

அது கீழ்வீட்டுப் பெரியவர் வீட்டு ஜன்னல்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு பரட்டையை அழைத்துக்கொண்டு இறங்கினேன். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி, தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, தேங்காய் நாரால் ஓரத்தைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். நாயை, சங்கத்தை, ஆசிரியையை, டொராண்டோவை எல்லாம் வரிசையாகத் திட்டிக்கொண்டே தேய்த்தார். மறுநாளும் தேய்த்தார். ஒரு சொட்டுக் கருணை இல்லாமல், ஒரு நாள் தவறாமல் தேய்த்தார். மே மாதத்தில் நண்பகலுக்கு ஒருமுறை வந்து, சூடான தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார். "சுடுதண்ணியக் குடிச்சிட்டு இங்கயே மயங்கி விழுந்து தொலைச்சா யாரு தூக்கறது?" என்பது அதற்கு அவர் சொன்ன விளக்கம்.

ஒரு நாள் செவலை உண்மையாகவே அப்படி விழுந்தது. வாயில் கோழை, கண் சொருகல், இரைப்பு நிற்கவில்லை. ஆசிரியை ஐஸ் எடுக்க ஓடினார். பெரியவர்தான் அதட்டினார்: "ஐஸ் வேணாம்மா! சாதாரணத் தண்ணி. வயித்துல, கால்ல ஊத்துங்க. விசிறுங்க. வாயில ஊத்தாதீங்க, பொரையேறிடும். ஆட்டோவக் கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட போகணும்." எல்லாம் சரியான சிகிச்சை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். எதிரியைப் பற்றி நாலு விஷயம் படித்து வைத்திருக்க வேண்டாமா என்றார். செவலை பிழைத்துக்கொண்டது. ஆட்டோவுக்குக் கொடுத்ததைச் சங்கக் கணக்கில் எழுதச் சொல்லி ரசீது நீட்டினார். பொருளாளர் அம்மா முதல் முறையாகக் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார்.

நாய்களுக்கு நீரூற்று அமைக்க விரும்பும் சங்கங்கள் எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கருவியைத் தேடாதீர்கள், கனமான எந்தத் தொட்டியும் நிழலில் வைத்தால் போதும். நாய்ப் பிரியர்களையும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: நாங்கள் படம் எடுப்போம், பெயர் வைப்போம், இதயம் அனுப்புவோம். தொட்டியை யார் ஜன்னலுக்கு அடியில் வைப்பது என்று மட்டும் யோசியுங்கள். கொசுவுக்குப் பயந்தவர், சுத்தம் என்று உயிரை வாங்குகிறவர், நாயைக் கண்டாலே சிடுசிடுக்கிறவர் ஒருவர் எல்லாக் கட்டடத்திலும் இருப்பார். அந்த ஜன்னல்தான் இடம்.

நாய்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. பிஸ்கட் போடுகிற எங்களைக் கண்டால் வாலை ஆட்டும். பெரியவரைக் கண்டால் எழுந்து நிற்கும்.

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் அவர் இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொண்டுவந்து வாசித்தார். ஒன்று: வளாகத்தைச் சுற்றி நாய்கள் நடமாடுவதற்குத் தம்முடைய கடுமையான ஆட்சேபணையைக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு: பக்கத்துத் தெரு நாய்களும் வருவதால் ஒரு தொட்டி போதவில்லை, இன்னொன்று வாங்க வேண்டும், இந்தத் தடவை கொஞ்சம் பெரியதாக.

இரண்டும் ஒருமனதாக நிறைவேறின.